பத்திர எழுத்தரின் மேசை

சார் பதிவாளர் அலுவலகத்தை ஒட்டிய தெருவில், சிறு அறைகளில் இயங்கும் தொழில் பத்திர எழுத்து. தமிழ்நாட்டில் இதற்கு உரிமம் உண்டு. அனுபவம் முதிர்ந்தவர் எழுதுவதைவிடப் படிப்பதற்கே அதிக நேரம் செலவிடுகிறார். தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயர், தலைப்பெழுத்து, சர்வே எண், பரப்பு ஆகியவற்றை ஒப்பிட்ட பிறகே வேலை தொடங்கும்.

கிரயப் பத்திரத்தில் நுட்பமான இடம் சொத்து விவரம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரத்தைக் கேட்கிறது. நான்கெல்லை எழுதும் முறையோ புதியவரைக் குழப்பும்: ‘இன்னார் நிலத்துக்குத் தெற்கு’ என்றால் அந்த இன்னாரின் நிலம் வடக்கே இருக்கிறது. திசை ஒன்று புரண்டால் நிலமே இடம் மாறிவிடும். அதைச் சரிசெய்யப் பிழைத்திருத்தல் பத்திரம் வேண்டும். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதும் வழக்கமும் இப்படிப்பட்ட எச்சரிக்கையே. அடித்தல், இடைச்செருகல் இருந்தால் எழுதிக் கொடுப்பவர் அங்கே கையொப்பமிட்டுச் சான்றளிக்க வேண்டும்.

நீண்ட, முற்றுப்புள்ளியற்ற வாக்கியங்களைப் பலர் கேலி செய்வதுண்டு. அந்தக் கேலியில் நியாயம் பாதிதான். விற்பவரின் வாரிசு பின்னாளில் கிளப்பக்கூடிய தகராறுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த பதில்கள் அவை. கணினி வந்தபின் பழைய மாதிரியில் பெயரை மட்டும் மாற்றும் சோம்பல் பெருகியிருக்கிறது. நல்ல எழுத்தர் அச்செடுக்கும் முன் முழுவதையும் இரு தரப்புக்கும் உரக்கப் படித்துக் காட்டுகிறார்.