காணிக்காக ஒரு வாதம்: கென்யாட்டா தீட்டிய கிக்குயு சித்திரம்

1938-இல் லண்டனில் வெளிவந்த ‘ஃபேசிங் மவுண்ட் கென்யா’ இரண்டு வேலைகளை ஒருசேரச் செய்ய முயன்ற நூல். கென்யாவின் நடு மேட்டுநிலத்தில் வாழும் கிக்குயு மக்கள் பாண்டு மொழி பேசும் உழவர்கள். அவர்களில் ஒருவரான ஜோமோ கென்யாட்டா, கிக்குயு மத்திய சங்கத்தின் தூதராக நிலக் கோரிக்கைகளைச் சுமந்துகொண்டு 1929-இல் லண்டன் போனார். பிறகு லண்டன் பொருளாதாரப் பள்ளியில் மாலினோவ்ஸ்கியிடம் மானுடவியல் படித்தார். அந்தப் படிப்பில் விளைந்த நூலுக்கு மாலினோவ்ஸ்கியே முன்னுரை எழுதினார். தூதர், ஆய்வாளர் இருவரும் ஒரே பேனாவைப் பிடித்திருக்கிறார்கள். ஒருவர் மற்றவருக்கு எங்கே கைகொடுக்கிறார், எங்கே காலை வாருகிறார் என்று பிரித்துப் பார்க்காமல் இந்நூலை மதிப்பிட முடியாது.

நிலம் பற்றிய அத்தியாயத்தில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். ஆப்பிரிக்கருக்குத் தனிச்சொத்து என்ற எண்ணமே கிடையாது, நிலம் குலத்துக்குப் பொது, ஆகவே அரசு எடுத்துக்கொண்டால் எவருக்கும் நட்டமில்லை என்பது வெள்ளையக் குடியேறிகளுக்கு வசதியான வாதம். 1902, 1915 ஆண்டுகளின் அரசு நிலச் சட்டங்கள் இந்த நினைப்பின்மேல்தான் நின்றன. கென்யாட்டா இதை ஆவேசத்தால் அல்ல, நடைமுறையைக் காட்டியே உடைக்கிறார். காட்டில் வேட்டையாடி வாழ்ந்த டொரோபோ மக்களிடமிருந்து ஆடுகள் கொடுத்து நிலம் வாங்கியது, வாங்குமுன் இரு தரப்பும் ஒருவரையொருவர் சுவீகரித்துச் சொந்தமானது, எல்லைக்கு மரமும் செடியும் நட்டது, தகப்பன் காணி பங்காளிகளுக்குள் இறங்கிய விதம் என்று ஒவ்வொன்றாக விரிக்கிறார். யாருமில்லை என்று குடியேறிகள் கண்ட வயல்களும் உண்மையில் ஆளற்றவை அல்ல. 1890-களின் இறுதியில் பஞ்சமும் பெரியம்மையும் மாட்டுக் கொள்ளைநோயும் தாக்கியதால், உரியவர்கள் வடக்கே ஒதுங்கியிருந்தார்கள்.

இதே அத்தியாயத்தில் ஒரு விலங்குக் கதை வருகிறது. மழைக்குத் தும்பிக்கையை மட்டும் குடிசைக்குள் நீட்டிக்கொள்ள இடம் கேட்ட யானை, கடைசியில் மனிதனை வெளியே தள்ளிவிடுகிறது. சிங்கராசா விசாரணைக் குழு வைக்கிறார். உறுப்பினர் எல்லாரும் விலங்குகள். கென்யாவின் நிலப் பிரச்சினையை விசாரித்து 1934-இல் அறிக்கை தந்த கார்ட்டர் ஆணையத்தில் ஆப்பிரிக்க உறுப்பினர் ஒருவர்கூட இல்லை என்பதை அறிந்தவர்களுக்கு அந்தக் கேலி உறைத்திருக்கும். ஆய்வேட்டுக்குள் அங்கதத்தை நுழைக்கும் இந்தத் துணிச்சலும் சேர்ந்து அத்தியாயத்தை நூலின் சிகரமாக்குகிறது.

சமயம் பற்றிய பகுதியும் பலமானதே. கிரின்யாகா என்று கிக்குயுக்கள் அழைக்கும் கென்யா மலையில் தங்கும் ங்காய் என்னும் கடவுளைத் தொட்டதற்கெல்லாம் தொந்தரவு செய்யக் கூடாது. பிறப்பு, பருவச் சடங்கு, திருமணம் போன்ற வாழ்வின் திருப்பங்களில் குடும்பமாகக் கூடித்தான் வேண்ட வேண்டும் என்று விளக்குகிறார். மழை பொய்த்தால் முகுமோ என்னும் அத்திமரத்தடியில் பெரியவர்களும் சிறுபிள்ளைகளும் கூடி, ஒரே நிறத்து ஆட்டுக்கிடாயைப் பலியிட்டு, மலையை நோக்கிக் கையுயர்த்துகிறார்கள். முன்னோர்க்கு மது வார்ப்பதை வழிபாடு என்று கணக்கெழுதிய மிஷனரிகளை மறுத்து, அது இறந்தவரோடு வைத்திருக்கும் உறவு, வழிபாடு ங்காய்க்கு மட்டுமே என்று பிரிக்கிறார். நம்பிக்கையை உள்ளிருந்து அறிந்தவர் மட்டுமே செய்யக்கூடிய பகுப்பு அது.

சறுக்கல் பருவச் சடங்கில் தொடங்குகிறது. பெண் உறுப்புச் சிதைப்பைக் கைவிடுவதாக உறுதி தந்தால்தான் பிள்ளைகளுக்குப் பள்ளி என்று 1929-இல் ஸ்காட்லாந்து திருச்சபை மிஷன் நெருக்கியது. மக்கள் விலகித் தாங்களே பள்ளிகளை எழுப்பினார்கள். வயதுக்குழு, கல்வி, சமூக உறுப்புரிமை எல்லாம் அந்தச் சடங்கில் பின்னியிருந்தன, ஒன்றை மட்டும் வெட்டியெறிய முடியாது என்று அவர் விளக்குவது சரி. ஆனால் ஒரு வழக்கம் ஏன் நிலைக்கிறது என்ற விளக்கம் அது நிலைக்கலாம் என்பதற்கு நியாயமாகிவிடாது. விடியற்காலையில் குளிர்ந்த ஆற்றுநீரில் உட்காரவைத்து மரக்கச்செய்வதையும், வெட்டுகிற கிழவியின் கைத்திறன் லண்டன் அறுவை மருத்துவருக்கு இணையானது என்பதையும் எழுதுகிறவர், வெட்டப்பட்டவளை ஓரிடத்திலும் பேசவிடவில்லை. நூல் வெளிவந்த அதே ஆண்டில் பிறந்த ங்குகி வா தியாங்கோ, 1965-இல் வந்த ‘தி ரிவர் பிட்வீன்’ நாவலில் அந்த இடத்தை நிரப்பினார். அதில் கிறிஸ்தவ வீட்டுப் பெண் முதோனி தானே விரும்பிச் சடங்குக்குப் போகிறாள். காயம் ஆறாமல் சாகிறாள். மிஷனையும் வழக்கத்தையும் ஒருசேரக் கேள்வி கேட்க முடியும் என்பதற்கு அந்நாவல் சான்று.

இது ஒரு சடங்கோடு நிற்கும் குறையல்ல. மக்காச்சோளம், பயறு, தினை, சர்க்கரைவள்ளி ஆகியவற்றைப் பெண்கள் நடுகிறார்கள் என்று எழுதுகிறார். காணி மகன்களுக்கு இறங்குகிறது என்றும் எழுதுகிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. முன்பு பெண்களே ஆண்டார்கள், எல்லாரும் ஒரே சமயத்தில் கருவுற்றிருந்தபோது ஆண்கள் ஆட்சியைப் பறித்தார்கள் என்ற பழங்கதையையும், குலங்கள் மூதாய் மும்பியின் மகள்களுடைய பெயரையே தாங்கி நிற்பதையும் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார். அடுத்தவர் காணியில் பயிரிடும் அஹோய் குடிகளை, வாரமோ குத்தகையோ இல்லாமல் நட்பால் இடம் பெற்றவர்களாகச் சித்திரிக்கிறார். பழைய நடைமுறைக்கு அது பொருந்தலாம். அவர் எழுதிய காலத்தில் நிலம் இறுகிப்போய், காணிக்காரர்கள் அந்தக் குடிகளை வெளியேற்றத் தொடங்கியிருந்தார்கள். அதைச் சொன்னால் எதிர்த்தரப்புக்கு அவல் கிடைக்கும்.

காலனி அரசோடு வழக்காடும்போது வீட்டுச் சண்டையைச் சபைக்குக் கொண்டுவர முடியுமா என்று அவருக்காகக் கேட்கலாம். தூதருக்கு அந்தச் சலுகை உண்டு, ஆய்வாளருக்கு இல்லை. மறைத்த விரிசலும் மறைந்துவிடவில்லை. 1950-களின் மாவ் மாவ் கிளர்ச்சியில் காணியற்றவர்கள் திரண்டார்கள். காணியுள்ள கிக்குயுக்களில் பலர் அரசின் பக்கம் நின்றார்கள். விடுதலைக்குப் பின், கென்யாட்டாவின் ஆட்சியிலேயே, வெள்ளையர் நிலம் பெரும்பாலும் விலைக்குத்தான் கைமாறியது.

ஆகவே தீர்ப்பையும் பிரித்தே தர வேண்டும். நில உரிமைக்கு இந்நூல் இன்றும் முதல்தரச் சான்று. சமயப் பகுதி நம்பத்தக்கது. ஆனால் கிறிஸ்தவராகிவிட்ட கிக்குயுக்களின் மனத்தை அதில் தேடக் கூடாது. பெண்களையும் காணியற்றவர்களையும் பற்றிய பக்கங்களை இனவரைவாக எடுத்துக்கொள்வது தவறு. காணியுள்ள ஆண்கள் 1930-களில் தங்கள் சமூகத்தை உலகுக்கு எப்படிக் காட்ட விரும்பினார்கள் என்பதற்கே அவை ஆவணம். ஒரு மக்களின் தேவையை அவர்களே சொல்ல வேண்டும் என்ற நெறியை நிலைநாட்டிய நூல், அதே நெறியைத் தன் சொந்த மக்களில் பாதிப்பேருக்கு வழங்கவில்லை.