சேரியை விட்டு வெளியேறியவர்கள்

சொற்களுக்குக் காலப்போக்கில் பொருள் ‘இழிந்துவிடுகிறது’ என்று நம் தமிழாசிரியர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இழிபொருட்பேறு என்று பெயர்கூட உண்டு. ‘நாற்றம்’ அந்தக் காலத்தில் நறுமணம், இப்போது துர்வாடை: எப்போதும் இந்த உதாரணம்தான். இரும்பு துருப்பிடிப்பதுபோலப் பொருளும் தானாகவே இழிகிறது, அதில் யாருக்கும் கைகிடையாது என்கிற பாவனை இதற்குள் இருக்கிறது. ‘சேரி’ என்கிற ஈரெழுத்துச் சொல்லை எடுத்துவைத்தால் இந்தப் பாவனை கலைந்துபோகும்.

சங்கப் பாடல்களில் சேரி என்பது ஊரின் ஒரு பகுதி, அவ்வளவுதான். ஒரே ஊரில் இருந்துகொண்டு நம்ம சேரிப்பக்கம் தலைகாட்டமாட்டேன் என்கிறானே என்று குறுந்தொகைத் தலைவி ஒருத்தி நொந்துகொள்ளும்போது அங்கே தீட்டு எதுவும் இல்லை. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வெளியே தங்கிய பகுதியைச் சொல்லும் காதைக்குப் ‘புறஞ்சேரி இறுத்த காதை’ என்றே பெயர். பாடப்புத்தகங்கள் ஜனநாயகம் என்று பெருமை பேசும் உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டிலோ (கி.பி. 921), சேரி என்பது பிராமணர்கள் குடியிருந்த பகுதி. அந்த ஊருக்குப் பன்னிரண்டு சேரிகள்.

நூறாண்டுகூட ஆகவில்லை. ராஜராஜனின் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியல் வருகிறது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரி, கம்மாணசேரி, தீண்டாச்சேரி. கவனிக்க வேண்டியது இதுதான்: பழைய பொருள் செத்து அதன்மேல் புதிய பொருள் முளைக்கவில்லை. பார்ப்பனர் சேரியும் தீண்டாச்சேரியும் சமகாலத்தில் கல்லில் நிற்கின்றன. வேறுபடுத்திக் காட்ட முன்னொட்டு தேவைப்பட்டது. பிற்பாடு எப்போதோ முன்னொட்டு உதிர்ந்துவிட்டது. சேரி என்றாலே தலித் குடியிருப்பு என்றாகிவிட்டது. ஏன் உதிர்ந்தது? மற்றவர்கள் அந்தச் சொல்லைக் காலிசெய்துகொண்டு போய்விட்டார்கள்.

குறி என்பதே வர்க்கப் போராட்டத்தின் களம் என்று வோலோஷினோவ் 1929இல் எழுதினார். ஒரே சொல்லை வெவ்வேறு வர்க்கங்கள் வெவ்வேறு அழுத்தத்தோடு உச்சரிக்கின்றன என்பது அவர் வாதம். நம் தோழர்கள் இதை மேற்கோளாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் சாதி செய்வது வேறு. அது ஒரு சொல்லுக்குள் நின்று சண்டைபோடுவதில்லை. தீண்டப்பட்ட பாத்திரத்தைப் போலச் சொல்லையே அங்கே விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போய்விடுகிறது. டெல்டாவில் அப்படிப் போய்ச் சேர்ந்த சொல் ‘தெரு’. ஆந்த்ரே பெத்தெய் 1965இல் வெளியிட்ட தஞ்சாவூர்க் கிராம ஆய்வில் இந்த வரைபடத்தைப் பார்க்கலாம்: அக்கிரகாரம், குடியானத் தெரு, அப்புறம் தள்ளிப் போனால் சேரி. எங்கள் தலத்தெரு ஒரு முழு ஊரின் பெயர். முகவரி சொன்னால் வெளியூர்க்காரர்கள், “தெரு பேரு சரிங்க, ஊரு பேரு?” என்பார்கள். இதே பக்கத்தில் கோட்டுச்சேரியும் இருக்கிறது. யூனியன் பிரதேசமே புதுச்சேரிதான். 2006இல் ஆங்கிலத்திலும் புதுச்சேரி என்றே எழுத முடிவானபோது ‘புதிய சேரியா?’ என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. ஊர்ப்பெயருக்குள் அடைபட்ட சேரிக்குத் தீட்டு இல்லை. தனியாக நின்றால்தான்.

இந்த இடைவெளி ஒளிந்துகொள்ளவும் வசதியானது. 2023 நவம்பரில் நடிகை குஷ்பு ‘சேரி மொழி’ என்று எழுதி, கண்டனம் எழுந்ததும், பிரெஞ்சில் ‘ஷெரி’ என்றால் அன்புக்குரியவர் என்று பொருள் என்றார். காரைக்காலில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற குடும்பங்கள் இருக்கின்றன. ஷெரி என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். சேரி என்று திட்டினால் என்ன என்றும் தெரியும். இரண்டையும் குழப்பிக்கொள்கிற ஆள் இங்கே கிடைப்பது கஷ்டம். ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டு என்கிற மொழியியல் உண்மை, எந்தப் பொருளில் சொன்னேன் என்ற பொறுப்பிலிருந்து நழுவுவதற்கான கதவாகிவிடுகிறது. அகராதியில் 1, 2, 3 என்று எண்போட்டுப் பொருள்களை அருகருகே உட்காரவைக்கும்போது நடப்பதும் கொஞ்சம் இதுவே. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழக அகராதியை நான் குறைத்துப் பேசவில்லை, அது இல்லாமல் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் எண்களுக்கு இடையே நடந்தது என்ன என்று அது கேட்பதில்லை.

இனி ‘காலனி’. லத்தீனில் உழுபவனுக்குரிய சொல்லிலிருந்து பிறந்தது. நிலம் பெற்றுக் குடியேறியவர்களின் ஊர். ஜெர்மனியின் கொலோன் நகரத்தின் பெயரே இதுதான். எங்களை 1739இலிருந்து 1954 வரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் தாள்களில் ‘எத்தபிளிஸ்மான்’ என்றே எழுதினார்கள், குடியேற்றம் என்கிற மாதிரி நாகரிகமான சொல். ஆனால் வெள்ளைக்காரன் போன பிறகு, அரசாங்கம் இரண்டு மூன்று சென்ட் மனைப்பட்டா கொடுத்துக் கட்டிய வீடுகளுக்குக் காலனி என்று பெயர் வந்தது. மிராசுதார் தெருவில் இருக்க, உழுகிறவர் காலனியில். லத்தீன் மூலப்பொருள் யாருக்கும் தெரியாமலே திரும்பிவிட்டது, நிலம் மட்டும் கூட வரவில்லை. ஆங்கிலத்திலும் இந்தக் கதை உண்டு. நம் சினிமா மூலம் எல்லோருக்கும் தெரிந்த ‘வில்லன்’ ஒருகாலத்தில் பண்ணையில் உழைத்தவன். ‘பூர்’ என்றால் இன்று முரடன், முன்பு உழவன். எந்த ஊராயிருந்தாலும் உழுகிறவன் பெயர்தான் வசவாகிறது.

காலனியில் சோழர் காலத்துக் கணக்கு தலைகீழாகியிருக்கிறது. அன்று தீண்டாச்சேரிக்கு முன்னொட்டு வேண்டியிருந்தது. இன்று ரயில்வே காலனி, போலீஸ் காலனி என்று கௌரவமானவற்றுக்குத்தான் முன்னொட்டு வேண்டும். கிராமத்தில் வெறும் ‘காலனி’ என்றால் விளக்கமே தேவையில்லை.

2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். வெறும் பெயர் மாற்றத்தால் என்ன ஆகப்போகிறது என்று கேலி பேசும் நண்பர்கள் இருக்கிறார்கள். வேலைக்கு மனுப் போடும் பையனின் முகவரியில் சாதி எழுதியிருக்கிறது, பிரித்துப் பார்ப்பவருக்கு வேறெந்தச் சான்றிதழும் வேண்டாம். அதை அழிப்பது சின்ன விஷயமில்லை. அழிக்கத்தான் வேண்டும். எனக்குள்ள சந்தேகம் அடுத்த சொல்லைப் பற்றி. ‘நகர்’ என்று வைத்தாலும், குடியானத் தெரு ஆட்கள் அங்கே வீடு வாங்கிக் குடிபோகாதவரை, பத்து வருஷத்தில் அந்த நகருக்கும் இதே கதி. சேரியே வேண்டும், அதையே தலைநிமிர்ந்து சொல்வோம் என்கிற தோழர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் முகவரியில் அதைச் சுமக்கப்போவது அவர்களாக இருக்க வேண்டும்.

அந்த அறிவிப்பு எங்களுக்குச் செல்லாது. காரைக்கால் புதுச்சேரியின் பகுதி. சுற்றிலும் தமிழ்நாடு. எல்லைக் கல்லுக்கு இரண்டு பக்கமும் ஒரே பேச்சு.

கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார அகராதி 1982இல் வந்தது. அதன்பின் கொங்கு, நடுநாடு என்று பல வந்திருக்கின்றன. வட்டாரம் என்கிற அலகை இவர்கள் வென்றுகாட்டினார்கள். டெல்டாவில் அது போதாது, இங்கே ஒரே ஊருக்குள் பர்லாங்கு தூரத்தில் பொருள் மாறுகிறது. ‘ஊர்’ என்பதையே பாருங்கள். காலனியிலிருந்து கிளம்புகிற பெண், “ஊருக்குள்ள வேலைக்குப் போறேன்” என்பார். அவருடைய ரேஷன் அட்டையிலும் அந்த ஊர்ப்பெயர்தான் அச்சாகியிருக்கிறது. இந்தப் பொருளையும், அதை எங்கே நின்றுகொண்டு சொல்கிறார்கள் என்பதையும் ‘ஊர்’ என்ற பதிவின் கீழ் எழுதும் அகராதி ஒன்று வேண்டும். உங்கள் பக்கத்தில் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று, இரண்டு தெருக்களிலும் கேட்டு, எழுதியனுப்புங்கள்.