பெற்றோர் அன்பும் பிள்ளையின் சாட்சியமும்

அமெரிக்க மானிடவியலாளர் ரொனால்டு ரோனர், 101 சமுதாயங்களைப் பற்றிய பதிவுகளை ஒப்புநோக்கி 1975இல் ஒரு நூல் வெளியிட்டார். பெற்றோரால் புறக்கணிக்கப்படும் குழந்தை, எந்நிலத்தில் பிறந்தாலும், பகையுணர்வும் தன்மதிப்புக் குறைவும் கொண்டு வளர நேர்கிறது என்பது அதன் முடிபு.

அங்ஙனமாயின் கண்டிப்பும் புறக்கணிப்பின் பாற்பட்டதா என நாம் வினவ வேண்டியுள்ளது. ரோனரும் பெட்டன்கில்லும் 1985இல் வெளியிட்ட கொரிய ஆய்வு இதற்கு விடை பகர்கிறது. கொரிய இளையோர் பெற்றோரின் கட்டுப்பாட்டை அன்பின் அடையாளமாகவே உணர்ந்தனர். அமெரிக்காவில் வாழ்ந்த கொரியக் குடும்பத்துப் பிள்ளைகளோ அதனை அன்பின்மையோடு இணைத்துக் கண்டனர்.

குழந்தையின் உணர்வையே சாட்சியமாகக் கொள்வது இக்கோட்பாட்டின் வலிமை. குறையும் அங்கேயே உள்ளது. பெற்றோரின் அன்பையும் தன் மனநிலையையும் ஒரே பிள்ளை மதிப்பிடுகையில், புறக்கணிப்பால் துயரம் விளைந்ததா, துயருற்ற மனம் புறக்கணிப்பை மிகுத்துக் காண்கிறதா என்பது எளிதில் புலனாவதில்லை.

எனினும், ‘இது எங்கள் வழக்கம்’ என்று கூறிப் பெற்றோர் தம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இவ்வாய்வுகள் இடந்தரவில்லை. கண்டிப்பின் பொருள் நாட்டுக்கு நாடு வேறுபடலாம். அன்பு மறுக்கப்பட்ட பிள்ளையின் துயரம் எங்கும் ஒன்றே. நம் அன்பு பிள்ளையைச் சென்றடைந்ததா என்பதை அப்பிள்ளையிடமே கேட்டறிவது நம் கடமையாகும்.