ஏரியும் கணக்கேடும்

பல உறுப்புகள் கூடிய ஓர் உடலாகத் திருச்சபையைக் கண்டவர் தூய பவுல். அவர் கொரிந்து நகரத்தாருக்கு எழுதியதை ஞாயிறு திருப்பலியில் கேட்டுத் தலையசைக்கும் நாம், திங்களன்று தொழிற்கூடத்தின் வாயிலைக் கடந்ததும் அதை மறந்துவிடுகிறோம். மதிலுக்குள் நிகழ்வது நம் கணக்கு. மதிலுக்கு வெளியே வழிந்தோடுவது எவர் கணக்கோ! இம்மறதியை இருவேறு திசைகளிலிருந்து இடித்துரைக்கும் இரு நூல்களை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

முதலாவது, டொனெல்லா மெடோஸ் அம்மையாரின் 'திங்கிங் இன் சிஸ்டம்ஸ்'. 1972இல் 'வளர்ச்சியின் எல்லைகள்' என்ற ஆய்வைத் தம் தோழருடன் வெளியிட்டு உலகை அதிரவைத்தவர் இவர். 2001இல் இவர் மறைந்தபின், 2008இல் இந்நூல் வெளிவந்தது. எதையும் தனித்துப் பார்க்காதே, அதன் இருப்பையும் வரத்தையும் போக்கையும் சேர்த்துப் பார் என்கிறார். விளைவு சுற்றிவந்து காரணத்தையே தாக்கும். அவ்வாறு தாக்கக் காலம் பிடிப்பதாலேயே நாம் ஏமாறுகிறோம்.

திருப்பூரின் வரலாறு இதற்குச் சான்று. நொய்யலின் குறுக்கே பாசனத்திற்கென 1992இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. சாயப்பட்டறை வேறு, பின்னலாடை ஏற்றுமதி வேறு என்று எண்ணியிருந்தோர், 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டபோது இரண்டும் ஒன்றே என்று அறிந்தனர். அவ்வறிவுக்கு முதலில் விலை கொடுத்தவர் தொழிலாளரே.

நம் அருகிலும் அம்பத்தூர், கொரட்டூர், ரெட்டேரி ஆகிய ஏரிகள் ஒன்றன் மிகைநீரை மற்றொன்று ஏற்கும் சங்கிலியாக அமைந்தவை. அச்சங்கிலி வழியே வீட்டுச் சாக்கடையும் ஆலைக்கழிவும் சேருவதைத் தடுக்கக் கோரிக் கொரட்டூர் மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றனர்.

இவற்றை விளக்க அம்மையாரின் கருவிகள் போதும். வறுமை தன்னையே பெருக்கிக்கொள்ளும் கண்ணியைப் பற்றியும் அவர் பேசுகிறார். ஆயினும் அவ்வரைபடங்களில் மனிதருக்கு முகமில்லை. யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற வினா அங்கே எழுவதே இல்லை.

அவ்வினாவை எழுப்புவது இரண்டாம் நூல்: திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வழங்கிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல். பூமியின் அழுகையும் ஏழையின் அழுகையும் வேறல்ல என்பதே அதன் உயிர்நாடி. தொழில்முனைவைப் பழிக்காது, உயர்ந்த அழைத்தலாகவே அது மதிக்கிறது. ஆனால் இங்கும் நமக்கு ஒரு குறை தோன்றுகிறது. பெருநிறுவனங்களிடமும் அரசுகளிடமும் உரக்கப் பேசும் அம்மடலில், இடையில் நிற்பவரின் இக்கட்டு போதிய அளவு விரியவில்லை.

தொழிற்பேட்டையில் மின்முலாம் பூசும் சிறு பட்டறைக்காரர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். உதிரிப்பாகங்களை வாங்கும் பெரிய நிறுவனம் விலையைக் குறைக்கச் சொல்கிறது. கழிவுநீரைத் தூய்மைப்படுத்தினால் அவருக்குக் கட்டுபடியாகாது. ஆர்டர் அடுத்த தெருவுக்குப் போய்விடும். தூய்மைப்படுத்தாவிடில் ஏரி கெடும். நீதிமன்றத்தில் குற்றவாளி அவரே. விலையைக் குறைத்தவரோ சுற்றுச்சூழல் விருது பெற்று மேடையில் அமர்ந்திருக்கக்கூடும்.

1987இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் பாவக் கட்டமைப்புகளைப் பற்றி எழுதியபோது, அவை தனிமனிதரின் செயல்களிலேயே வேர்கொண்டவை என்பதையும் வலியுறுத்தினார். 'அமைப்பே அப்படி' என்று ஒப்புரவு அருளடையாளத்திலிருந்து எவரும் நழுவ இயலாது. எண்களைச் சற்றுக் கூட்டிக் குறைப்பதால் பயன் சிறிது, அமைப்பின் நோக்கத்தை மாற்றுவதே பெரிது என்று மெடோஸ் காட்டுவதும் இங்கே வந்து பொருந்துகிறது.

மாற்றம் இயலாததன்று. கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர்வரை கழிவுநீரை உயர்நிலைத் தூய்மை செய்து, திருப்பெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் திட்டம் உள்ளது. ஒருவரின் கழிவு மற்றவரின் மூலப்பொருளாகிறது. பெரிய ஆலைகளுக்கு வாய்த்த இவ்வழி சிறு பட்டறைகளுக்கும் திறக்கப்பட வேண்டும்.

ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அம்பத்தூரிலும் கொள்முதல் பிரிவுகளில் பணியாற்றும் பொதுநிலையினர் நம்மிடையே பலர். நீரைத் தூய்மைப்படுத்தும் செலவையும் சேர்த்தே விலை பேச அவர்களால் இயலும். இயலாதெனில், அதைத் தடுப்பவர் யார் என்று நிறுவனத்திற்குள்ளேயே கேட்க இயலும். இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்து வாசிப்போர் அத்தகைய கேள்வியிலிருந்து தொடங்கலாம் என்பது நம் கருத்து.