தளவானூர் குடைவரையும் எளிமையின் அழகியலும்

தளவானூர் குடைவரை (சத்ருமல்லேஸ்வரம்), விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டாரத்தில் தளவானூர் என்னும் சிற்றூரின் குன்றில் அமைந்த சிவன் கோயில். பொ.யு. 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் இதைக் குடைவித்தான். சத்ருமல்லன் என்பது அவனுடைய விருதுப்பெயர்களில் ஒன்று. ஓவியம், அச்சு வடிவமைப்பு ஆகிய துறைகளில் எளிமையை நாடுபவர்களுக்கு இக்குடைவரை முன்மாதிரியாகச் சுட்டப்படுவதற்குத் தகுதியுடையது. ஆனால் எது இதன் எளிமை என்பதில் தெளிவு தேவை.

அமைப்பு

குடைவரை தெற்கு நோக்கியது. முகப்பில் இரண்டு தூண்களும் இரண்டு அரைத்தூண்களும் உள்ளன. இரு ஓரங்களிலும் வாயிற்காவலர் சிற்பங்கள் நிற்கின்றன. மேலே கபோதத்தில் கூடுகளும் அவற்றுள் கந்தர்வ முகங்களும் செதுக்கப்பட்டுள்ளன. முகப்புத் தூண்களுக்கு இடையே மகர தோரணம் உள்ளது. மகேந்திரனின் பிற குடைவரைகளிலிருந்து தளவானூரைப் பிரித்துக் காட்டும் அடையாளம் இதுவே.

கருவறை முகப்புக்கு நேர் எதிரே இல்லை. மண்டபத்தின் மேற்குப் பக்கத்தில் கிழக்கு நோக்கிக் குடையப்பட்டுள்ளது. உள்ளே நுழைபவர் இடப்பக்கம் திரும்பினால்தான் லிங்கத்தைக் காண முடியும். குன்றின் முகம் தெற்கில் அமைந்தது. வழிபாட்டு மரபு கிழக்கு நோக்கிய கருவறையை விரும்பியது. இரண்டையும் ஒரே திருப்பத்தில் சிற்பி இணைத்துவிட்டார். அதற்கென அலங்காரம் எதையும் சேர்க்கவில்லை.

எளிமை: இயலாமையா, தேர்வா

தளவானூருக்கு அருகிலுள்ள மண்டகப்பட்டில் மகேந்திரனின் புகழ்பெற்ற கல்வெட்டு உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகியவை இல்லாமல் இக்கோயில் அமைக்கப்பட்டது என்று அது கூறுகிறது. ஒரு கட்டடத்தை அதில் இல்லாதவற்றைக் கொண்டு வரையறுக்கும் கல்வெட்டு இது. எவற்றை விட்டோம் என்பதைச் சொல்லிப் பெருமை கொள்ளும் மனநிலை அதில் உள்ளது.

மகேந்திரனின் குடைவரைகளைப் பல்லவக் கலையின் தொடக்கநிலை என்று மட்டும் காண்பது பொதுவான பார்வை. மாமல்லபுரமும் காஞ்சி கைலாசநாதர் கோயிலும் அதன் முதிர்ச்சி என்றும், மகேந்திரனின் கனத்த தூண்கள் அதற்கு முந்தைய தயக்கம் என்றும் இப்பார்வை கொள்கிறது. இதில் ஓரளவு உண்மை உண்டு. கடினமான கருங்கல்லில் பெரிய அளவில் குடையும் தொழில் அப்போது தமிழகத்தில் புதியது.

ஆனால் தளவானூரின் முகப்பு இந்தப் பார்வைக்கு முழுமையாக அடங்குவதில்லை. மகர தோரணத்தையும் கந்தர்வ முகங்களையும் செதுக்கத் தெரிந்த கைகள் தூண்களைச் சதுரம், எட்டுப்பட்டை, சதுரம் என்ற மூன்றே பகுதிகளில் நிறுத்தியுள்ளன. நுண்வேலைப்பாடு முகப்பில் திரண்டிருக்கிறது. மண்டபத்தின் உட்பகுதி அமைதியாக இருக்கிறது. திறமை இல்லாததால் வந்த வெறுமை என்றால் அது எங்கும் ஒரே அளவில் பரவியிருக்கும். இங்கே அலங்காரம் ஓரிடத்தில் கூட்டப்பட்டு மற்றோரிடத்தில் குறைக்கப்பட்டுள்ளது. அதைத் தேர்வு என்றே கொள்ள வேண்டும்.

வண்ணம் பற்றிய எச்சரிக்கை

இன்று காணும் வெற்றுக்கல் முழுவதையும் மகேந்திரனின் எளிமை என்று கொள்வது பிழையாகும். சித்திரகாரப்புலி என்பதும் அவனுடைய விருதுப்பெயர். ஓவியர்களில் புலி என்று தன்னை அழைத்துக்கொண்ட மன்னன் சுவர்களை வண்ணமின்றி விட்டிருப்பானா என்ற கேள்வி நியாயமானது. செஞ்சி வட்டாரத்தை ஒட்டிய பனமலையில், பொ.யு. 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் எடுப்பித்த தாளகிரீஸ்வரர் கோயிலில், சுண்ணப்பூச்சின் மேல் தீட்டிய உமையின் ஓவியம் எஞ்சியுள்ளது. பூச்சு உதிர்ந்த இடங்களில் வெறும் கல்லே தெரிகிறது. தளவானூரிலும் அவ்வாறு நிகழ்ந்திருக்க இடமுண்டு.

எனவே எளிமையைக் கற்க வருபவர் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். கல்லின் நிறம் காலம் விட்டுச்சென்றதாக இருக்கலாம். தூணின் அளவு, தோரணத்தின் இடம், கருவறையின் திருப்பம் ஆகியவை சிற்பியின் முடிவுகள். வண்ணம் பூசினாலும் உதிர்ந்தாலும் அவை மாறாதவை. கற்கத்தக்கவையும் அவையே.

கோட்டுச் சித்திர மரபு

குறைந்த கோடுகளில் நிறைவைத் தரும் மரபு இப்பகுதிக்குப் புதிதன்று. விழுப்புரம் மாவட்டத்தின் கீழ்வாலையில் செங்காவியால் வரையப்பட்ட தொல்பழங்காலப் பாறை ஓவியங்கள் உள்ளன. முகவிவரம் இல்லாத உருவங்கள் உடல் நிலையாலேயே செயலை உணர்த்துகின்றன. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்கள் ஒரே பாறையில் இரண்டு வரிசைகளாகப் புடைப்புச் சிற்பமாக அமைந்துள்ளனர். ஏறத்தாழ ஒரே உருவம் 24 முறை வருகிறது. அந்த மீள்வரவே அதன் அழகு.

நவீன காலத்தில் இம்மனநிலையை அச்சுப் பக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஓவியர் கே.எம். ஆதிமூலம் (1938–2008). காந்தியைப் பற்றிய அவரது கோட்டோவிய வரிசை புகழ்பெற்றது. கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் வரைந்த படங்கள் வார இதழ் வாசகர்களை நவீன கோட்டோவியத்துக்குப் பழக்கின. கறுப்பு மையும் வெள்ளைத்தாளும் மட்டுமே அவற்றின் பொருட்கள். வரையாமல் விட்ட வெண்மை கரிசல் நிலத்தின் வெயிலாகத் தோற்றம் கொள்வது அவற்றின் வெற்றி. ஆதிமூலம் தளவானூரிலிருந்து எதையும் எடுத்துக்கொண்டார் என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. எதை விடுவது என்ற கேள்வியை இரு கலைகளும் ஒரே தீவிரத்துடன் எதிர்கொண்டன என்பதே ஒப்புமை.

மதிப்பீடு

தொல்கலையிலிருந்து ஊக்கம் பெறுவது இன்று பெரும்பாலும் வடிவங்களைப் பெயர்த்தெடுப்பதாகவே உள்ளது. மகர தோரணம் திருமண அழைப்பிதழின் ஓரக்கரையாகிறது. கூடு வணிகச் சின்னமாகிறது. தளவானூரில் தோரணம் இரு தூண்களுக்கு இடையே நுழைவின் மேல் நிற்பதால் பொருள் பெறுகிறது. விழாவுக்கு வாயிலில் கட்டும் தோரணத்தைக் கல்லில் நிலைக்கச் செய்த சித்திரம் அது. இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டதும் வெறும் அணியாகிவிடுகிறது.

மேலைநாட்டுச் சிற்றளவியத்தை அப்படியே பின்பற்றும் வடிவமைப்புகளில் எதிர்ப்பக்கக் குறை உண்டு. அங்கே வெறுமையே நோக்கமாகிறது. தளவானூரின் வெறுமைக்கு வேலை இருக்கிறது. அது பார்வையைத் திருப்பிக் கருவறைக்கு இட்டுச்செல்கிறது. குறைத்தபின் எஞ்சியது எதைச் சுமக்கிறது என்பதே எளிமையின் உரைகல். ஏறத்தாழ பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் பார்வையாளரை அந்த ஒரு திருப்பத்தை எடுக்கவைப்பதால் தளவானூர் குடைவரை அந்தச் சோதனையில் நிற்கிறது.