நீளக் குச்சியா, வளைத்த சட்டமா?

ரிமோட் விமானம் விடுகிறவர்களுக்குக் கை பழகியதும் வருகிற ஆசைகளில் ஒன்று, டிரான்ஸ்மிட்டரின் ஆன்டெனாவை மாற்றுவது. அந்தக் கால 72 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளில் ஒரு மீட்டர் நீளத்துக்கு இழுத்து நீட்டும் கம்பிதான் ஆன்டெனா. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸில் கால் அலைநீளமே 31 மில்லிமீட்டர். உறைக்குள் இருக்கும் கம்பி விரல் நீளம்கூட இருக்காது, மீதி பிளாஸ்டிக். எனவே எதன் மீதும் கெயின் "9 டிபிஐ" என்று அச்சடித்து விற்கலாம். விற்கவும் செய்கிறார்கள்.

மூன்று ஆன்டெனாக்களை எடுத்துக்கொண்டேன்: டிரான்ஸ்மிட்டரின் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் ரேடியோ மாட்யூலோடு வந்த சாதா டைபோல், 'ஹை கெயின்' என்று விற்ற பெயர் தெரியாத நீளக் குச்சி, ஒரு மாக்ஸன். இந்தக் கடைசி ரகம் பிரிட்டிஷ் ஹாம் வானொலியாளர் லெஸ் மாக்ஸனின் பெயரைத் தாங்கியது. நுனிகள் மடக்கப்பட்ட இரண்டு கம்பிகள் செவ்வகமாக எதிரெதிரே நிற்கும். பின்கம்பி பிரதிபலிப்பானாக வேலை செய்து அலையை முன்பக்கம் தள்ளும்.

முதலில், ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு அலை திரும்பி வருகிறது என்று அளக்கும் விஎன்ஏ கருவியில் மாட்டினேன். மூன்றுமே எஸ்டபிள்யூஆர் 2-க்குக் கீழே காட்டின. 2 என்றால் திரும்பி வரும் மின்திறன் 11 சதவீதம், இழப்பு அரை டெசிபல்தான். குச்சியின் எண்தான் மூன்றிலும் அழகாக இருந்தது. பலரும் இங்கேயே ஏமாறுகிறார்கள். 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டினாலும் எஸ்டபிள்யூஆர் 1 என்றே காட்டும், வெளியே ஒரு துளி அலையும் போகாது. உள்ளே இருக்கும் மட்டமான கேபிளிலேயே சக்தி சூடாகிப் போனாலும் மீட்டர் பாராட்டத்தான் செய்யும்.

ஆகவே மைதானத்துக்குப் போக வேண்டும். விமானத்தை மர ஸ்டூலில் வைத்து, திறனைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் டைனமிக் பவரை அணைத்து, 10 மில்லிவாட்டில் நிறுத்தி, ரிசீவர் திருப்பிச் சொல்லும் சிக்னல் வலுவை (ஆர்எஸ்எஸ்ஐ) திரையில் பார்த்தேன். டைனமிக் பவர் ஓடினால் மோசமான ஆன்டெனாவின் குறையை மாட்யூலே சத்தமில்லாமல் ஈடுகட்டிவிடும். டிரான்ஸ்மிட்டரைப் பிடிக்கும் உயரமும் மாறக் கூடாது. நடுவில் ஓர் ஆள் வந்து நின்றாலே எண் கீழே இறங்குகிறது, நம் உடம்பில் அவ்வளவு தண்ணீர்.

மாக்ஸன் முன்பக்கம் டைபோலைவிட மூன்று நான்கு டெசிபல் கூடுதலாகக் கொடுத்தது. முதுகைக் காட்டித் திரும்பினால் அந்த ஆதாயம் போய், டைபோலுக்கும் வெகு கீழே விழுந்தது. குச்சி? டைபோலோடு கிட்டத்தட்ட சமம், சில கோணங்களில் கீழே. காசு கொடுத்து வாங்கியது பிளாஸ்டிக்கைத்தான்.

இந்த மூன்று டெசிபல் நமக்குத் தேவையா என்பதுதான் கேள்வி. தடையில்லாத வெளியில் தூரம் இரட்டிப்பாக 6 டெசிபல் வேண்டும். 100 மில்லிவாட், இருபுறமும் சாதா டைபோல் என்றால், ஒரு கிலோமீட்டரில் ரிசீவருக்குச் சுமார் மைனஸ் 76 டிபிஎம் வந்து சேரும். 250 ஹெர்ட்ஸ் பாக்கெட் வேகத்தில் அதன் கேட்கும் எல்லை மைனஸ் 108. கையிருப்பு 32 டெசிபல்! ஒன்றரை மீட்டர் இறக்கை அந்தத் தூரத்தில் வெறும் புள்ளி. இந்தியாவின் 2021 டிரோன் விதிகளும் மாடல் விமானத்தைக் கண் பார்வைக்குள் பறப்பது என்றே வரையறுக்கின்றன.

அப்படியானால் சிக்னல் ஏன் அறுகிறது? பெரும்பாலும் ஆன்டெனாவின் நுனி விமானத்தை நோக்கி இருப்பதால். டைபோல் பக்கவாட்டில்தான் பேசும், நுனித் திசையில் 20 டெசிபலுக்கு மேல் விழக்கூடும். துப்பாக்கி போல விமானத்தை நோக்கி நீட்டுகிறவர்களைக் களத்தில் நிறையப் பார்க்கலாம். ஆன்டெனாவை மூட்டில் மடக்கிக் குறுக்காக வைப்பதுதான் செலவில்லாத மேம்பாடு. விமானத்துக்குள் இருக்கும் ரிசீவர் கம்பி கார்பன் ஃபைபருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆன்டெனா கடைக்குப் போவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

மாற்றியே தீருவேன் என்பவர்கள் கனெக்டரைக் கவனிக்க வேண்டும். எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ இரண்டுக்கும் மரை ஒன்றே. இரு பக்கமும் துளையாக அமையும் தவறான ஜோடி சுகமாகத் திருகிக்கொள்ளும், ஆனால் நடுவில் எதுவும் தொடாது. ஆன்டெனா இல்லாமல் மாட்யூலை முழுத் திறனில் ஓட்டுவதும் இதுவும் ஒன்றுதான், ஆம்ப்ளிஃபையர் கருகலாம்.

மலைச்சரிவில் ஒரே திசை பார்த்து நின்று கிளைடர் விடுகிறவர்களுக்கு மாக்ஸனை யோசிக்காமல் சொல்வேன். தலையைச் சுற்றி வட்டமடிக்க விடுகிறவர்கள் மாட்யூலோடு வந்த டைபோலையே வைத்துக்கொள்ளலாம். நீளக் குச்சியை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எதை மாட்டினாலும், அடுத்த பறப்புக்கு முன் குறைந்த திறனில் ரேஞ்ச் செக் செய்துவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்ததும் ஃபெயில்சேஃபில் மோட்டார் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு.