உருவமும் உடைமையும்: பொதுச்சேவை ஒலிபரப்பின் இணையவழி நியமங்கள் பற்றிய ஒரு நோக்கு

வெகுசனத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய முற்போக்குத் திறனாய்வு பெரும்பாலும் உள்ளடக்கத்தையே தன் ஆய்வுப்பொருளாகக் கொண்டு வந்துள்ளது. எவ்வர்க்கத்தின் குரல் ஒலிக்கின்றது, எது மறைக்கப்படுகின்றது, விளம்பரதாரரின் நலன் செய்தியை எவ்வாறு வளைக்கின்றது என்பனவே அதன் வழமையான வினாக்கள். இவை அவசியமானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், இலக்கியத்தில் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் பிரித்து நோக்கலாகாது என வற்புறுத்தும் திறனாய்வாளர் பலர், ஒலிபரப்பு என்று வந்ததும் உருவத்தைப் பொறியியலாளரின் பொறுப்பில் விட்டு ஒதுங்கிவிடுவதைக் காண்கிறோம். நிகழ்ச்சி எக்கோப்பு வடிவத்தில் இணையத்திற் செல்கின்றது, அதனைத் திறக்கும் மென்பொருள் எவருடையது என்னும் வினாக்கள் பண்பாட்டு ஆய்வுக்குப் புறம்பானவையாகக் கருதப்படுகின்றன. பொதுச்சேவை ஒலிபரப்பின்மீது மூலதனம் செலுத்தும் ஆதிக்கத்தை விளங்கிக்கொள்வதற்கு இவ்வினாக்களே இன்றியமையாதவை என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

இவ்வாதத்திற்கு முன்னோடிகள் உளர். வானொலியை வெறும் விநியோகக் கருவி என்ற நிலையிலிருந்து இருவழித் தொடர்புக் கருவியாக மாற்றவேண்டும் என பிரெக்ட் 1932 இல் எழுதினார். ஒரு படைப்பு தன் காலத்து உற்பத்தி உறவுகள் பற்றி என்ன கூறுகின்றது என்பதற்கு முன்னர், அவ்வுறவுகளுக்குள் அது எங்கு நிற்கின்றது என வினவவேண்டும் என்பது 1934 இல் வால்டர் பென்யமின் முன்வைத்த கருத்து. தொலைக்காட்சியைத் தொழினுட்பமாகவும் பண்பாட்டு வடிவமாகவும் ஒருங்கே ஆராய்ந்த றேமன்ட் வில்லியம்ஸின் நூல் 1974 இல் வெளிவந்தது. இம்மூவரும் இணையத்தை அறியாதவர்கள். எனினும் அதனை ஆராய்வதற்கு வேண்டிய வினாவை எமக்குத் தந்தவர்கள்.

2

அனுசரணை ஒலிபரப்புக்குப் புதியதன்று. எமது நாட்டின் றேடியோ சிலோன் 1950 இல் வர்த்தக சேவையைத் தொடங்கியது. 1952 இல் அதன் இந்தி ஒலிபரப்பில் இடம்பெறத் தொடங்கிய கீத்மாலா, பினாக்கா பற்பசையின் பெயரைத் தாங்கியே இந்தியாவெங்கும் புகழ்பெற்றது. ஐக்கிய அமெரிக்காவில் 1967 ஆம் ஆண்டின் பொது ஒலிபரப்புச் சட்டம் வர்த்தக நோக்கற்ற ஒலிபரப்புக்கு வழிவகுத்தது. எனினும் 1971 முதல் மோபில் எண்ணெய்க் கம்பனி பொதுத் தொலைக்காட்சியின் மாஸ்டர்பீஸ் தியேட்டர் என்னும் நாடகத் தொடருக்கு அனுசரணை வழங்கியது. 1984 இல் அனுசரணையாளர் பற்றிய அறிவித்தல்களுக்கான விதிகளும் தளர்த்தப்பட்டன. 2025 யூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் பொது ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்கென ஏற்கெனவே ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டொலரை மீளப்பெற்றது. அரசு கைவிட்ட இடத்தைக் கம்பனிகளும் செல்வந்தர்களும் நிரப்பும் போக்கு இதனால் மேலும் வலுப்பெறவே செய்யும்.

இத்தகைய அனுசரணை கண்ணுக்கும் காதுக்கும் புலப்படுவது. கம்பனியின் பெயர் கூறப்படுகின்றது. அதனை எதிர்க்கலாம், எள்ளி நகையாடலாம். அதிலும் முக்கியமாக, அதன் ஆதிக்கம் வாங்கியின் வாசலில் நின்றுவிடுகின்றது. கீத்மாலாவைக் கேட்பவர் பினாக்காவினால் பல் துலக்கியிருத்தல் வேண்டும் என எந்த வானொலிப் பெட்டியும் நிபந்தனை விதிக்கவில்லை.

இணையவழி ஒலிபரப்பு இந்நிலையை மாற்றியது. 1995 ஏப்ரிலில் ரியல் ஓடியோ வெளிவந்தபோது, அதன் வழியாக நிகழ்ச்சிகளை வழங்கிய தொடக்க நிறுவனங்களுள் அமெரிக்காவின் தேசிய பொது வானொலியும் ஒன்று. கேட்பதற்கான மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. ஒலியை அனுப்புவதற்கான மென்பொருள் விற்கப்பட்டது. நிகழ்ச்சியைக் கேட்க விரும்புவோர் முதலில் இன்ன கம்பனியின் மென்பொருளைப் பெற்றுக்கொள்ளவேண்டும் என்னும் அறிவித்தலை ஒலிபரப்பு நிறுவனமே விடுத்தது. இங்கு அனுசரணையின் திசை தலைகீழாவதை அவதானிக்கலாம். முன்னர் கம்பனி பணம் கொடுத்துத் தன் பெயரை ஒலிபரப்பியது. இப்போது பொதுமக்களின் நிறுவனம் தன் நேயர்களைக் கம்பனியிடம் ஒப்படைப்பதோடு அதற்கு விலையும் செலுத்துகின்றது. பொதுமக்களே கம்பனிக்கு அனுசரணையாளராகிவிடுகின்றனர்.

3

இம்முரண்பாடு மிகத் தெளிவாக வெளிப்பட்டது பிரித்தானியாவின் பி.பி.சி. நிறுவனத்திலாகும். உள்நாட்டுச் சேவைகளில் விளம்பரத்துக்கு இடமளிக்காத நிறுவனம் என்பதனால் இவ்வுதாரணம் விசேட கவனத்திற்குரியது. 2007 இல் வண்ணத் தொலைக்காட்சி வைத்திருந்த ஒவ்வொரு குடும்பமும் 135.50 பவுண் அனுமதிப்பத்திரக் கட்டணமாகச் செலுத்தியது. அக்கட்டணம் செலுத்தியவர் எக்கம்பனியின் பெட்டியை வைத்திருந்தாலும் நிகழ்ச்சியைப் பார்க்க முடிந்தது.

2006 செப்டெம்பரில் பி.பி.சி.யும் மைக்ரோசொப்ட் கம்பனியும் ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. 2007 யூலையில் ஐபிளேயர் சேவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, நிகழ்ச்சிகளைத் தரவிறக்கும் வசதி மைக்ரோசொப்டின் விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளுக்கு மட்டுமே கிடைத்தது. அதே கம்பனியின் இலத்திரனியல் பூட்டு கோப்பினைக் காவல் செய்தது. தரவிறக்கிய நிகழ்ச்சி 30 நாட்களின் பின்னரோ, பார்க்கத் தொடங்கி 7 நாட்களின் பின்னரோ செயலிழந்தது. மக்கின்டொஷ், லினக்ஸ் கணினிகளைப் பயன்படுத்துவோர் அதே கட்டணத்தைச் செலுத்தியும் வெளியே நிறுத்தப்பட்டனர். காலத்தின் நகைமுரண் யாதெனில், விண்டோஸோடு தன் ஊடக இயக்கியைப் பிணைத்து விற்றமை உள்ளிட்ட குற்றங்களுக்காக மைக்ரோசொப்டுக்கு 2004 இல் ஐரோப்பிய ஆணைக்குழு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்திருந்தது. அத்தீர்ப்பை ஐரோப்பிய நீதிமன்றம் உறுதிசெய்தது 2007 செப்டெம்பரில், அதாவது ஐபிளேயர் திறக்கப்பட்டு இரண்டு மாதங்களுக்குள்ளாகும்.

நிறுவனத்தின் மேற்பார்வைச் சபை, சேவை எல்லாக் கணினிகளுக்கும் உரியதாதல் வேண்டும் எனக் கூறியது. ஆனால் உறுதியான காலக்கெடு எதனையும் விதிக்கவில்லை. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மீளாய்வு செய்வதாக மட்டுமே தீர்மானித்தது. திறந்த மூல மென்பொருள் இயக்கத்தினர் முறைப்பாடு செய்தனர். பிரதமருக்கான மனுவில் பல்லாயிரவர் ஒப்பமிட்டனர். இவ்வேளையில் தொழினுட்பப் பணிப்பாளராயிருந்த அஷ்லி ஹைபீல்ட், பி.பி.சி. இணையத்தளத்துக்கு வரும் லினக்ஸ் பயனர் 400 முதல் 600 வரையினரே என்றார். பின்னர் அக்கணக்கு 36,600 முதல் 97,600 வரை எனத் திருத்தப்பட்டது. எண்ணிக்கையிலுள்ள பெரும் இடைவெளியைவிட, அதன் பின்னாலுள்ள தர்க்கமே நோக்கற்பாலது. உரிமை கோரிய குடிமக்கள் சந்தையின் ஒரு விகிதமாக எண்ணப்பட்டனர். மலைக்கிராமத்துக்கு அஞ்சல்கோபுரம் அமைக்கும்போது தலைகளை எண்ணாத பொதுச்சேவைக் கோட்பாடு, கோப்பு வடிவத்தில் மட்டும் தலைகளை எண்ணத் தொடங்கியது.

இதனைத் தனிமனிதரின் சூழ்ச்சியாக விளக்குவது இயலாது; அவசியமுமன்று. 2007 இல் மைக்ரோசொப்டிலிருந்து எரிக் ஹக்கர்ஸ் பி.பி.சி.க்கு வந்தார், ஹைபீல்ட் 2008 இல் பி.பி.சி.யை விட்டு நீங்கிப் பின்னர் மைக்ரோசொப்டில் இணைந்தார். எவரையும் குற்றஞ்சாட்டாமலே இவ்விரு பயணங்களும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன: பொது நிறுவனத்தின் தொழினுட்ப முகாமையும் கம்பனியின் முகாமையும் ஒரே சமூகப் படையிலிருந்து வருகின்றன, ஒரே மொழியிற் சிந்திக்கின்றன. இதே காலத்தில் பி.பி.சி.யின் ஆய்வுப் பிரிவு, பௌதிகவியலாளர் டிராக்கின் பெயரால், எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய காணொளிக் குறிமுறை ஒன்றை உருவாக்கியிருந்தது. அதன் ஒரு பகுதி தொழில்சார் கலையகப் பயன்பாட்டுக்கான நியமமாயிற்று. ஐபிளேயரின் பொது நேயர்களை அது சென்றடையவில்லை. தன் தொழிலாளர் படைத்த கருவி கையிலிருக்க, பிறர் உடைமையாகிய கருவியைப் பொது நிறுவனம் நாடியது.

4

இதற்கு எதிராகக் கூறப்படும் நியாயத்தையும் கருத்திற் கொள்ளவேண்டும். நாடக ஆசிரியர், நடிகர், இசைக்கலைஞர் ஆகியோரின் உரிமைகளைப் பாதுகாக்கவே பூட்டுத் தேவைப்பட்டது என்பர். கலைஞரும் உழைப்பாளரே; அவருக்குரிய ஊதியம் மறுக்கப்படலாகாது. ஆயின் அவ்வூதியத்தைத் தீர்மானிப்பவை ஒப்பந்தமும் தொழிற்சங்கமும் பொதுநிதியுமேயன்றி, ஒரு கம்பனியின் மென்பொருளன்று. நோர்வேயின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2008 இல் தான் உரிமை பெற்றிருந்த ஒரு தொடரைப் பூட்டின்றியே இணையத்தில் விநியோகித்தது. ஜேர்மனியின் டொய்ச்லான்ட்ராடியோ, ஓக் வோர்பிஸ் என்னும் திறந்த வடிவத்திலும் தன் ஒலிபரப்பை வழங்கியது. எல்லா நிகழ்ச்சிகளுக்கும் இது உடனே இயலும் என நாம் கூறவில்லை. தெரிவு ஒன்று இருந்தது என்பதையே இவை நிரூபிக்கின்றன.

பி.பி.சி. 2007 டிசெம்பரில் பிளாஷ் மூலம் ஏனைய கணினிகளுக்கும் சேவையை விரித்தது. ஒரு கம்பனியின் வாசல் வேறொரு கம்பனியின் வாசலால் அகலமாக்கப்பட்டது. அடோபி கம்பனி பிளாஷுக்கான ஆதரவை 2020 டிசெம்பர் 31 உடன் நிறுத்தியது. 2015 இல் விண்டோஸ் மீடியா வடிவத்திலான வானொலி ஒலிபரப்பை பி.பி.சி. கைவிட்டபோது, மக்கள் பணம் கொடுத்து வாங்கியிருந்த இணைய வானொலிப் பெட்டிகள் பல அந்நிலையங்களை இழந்தன. இன்று நிகழ்ச்சிகள் பொது நியமங்களின்படி செல்வதாகக் கூறப்படினும், 2017 இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட விதிகளின்படி பூட்டு உலாவிக்குள்ளேயே குடியேறியுள்ளது. அதன் திறவுகோல் கூகிள், அப்பிள், மைக்ரோசொப்ட் ஆகிய சிலவற்றின் கையிலேயே பெரிதும் உள்ளது.

5

இவ்வினா எம்மிடமிருந்து தொலைவிலுள்ளதன்று. 1941 இல் தொடங்கிய பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பின் சிற்றலைச் சேவை 2017 ஏப்ரில் 30 உடன் முடிவுற்றது. அது ஏகாதிபத்தியத்தின் போர்க்காலத் தேவையிற் பிறந்தது என்பதை மறந்து அதற்கு இரங்கல் பாட வேண்டியதில்லை. ஆயினும் சிற்றலையின் உருவத்துக்கு ஒரு சனநாயகப் பண்பு இருந்தது. எவர் செய்த பெட்டியிலும் அது ஒலித்தது. பழுதானதை ஊரிலுள்ள திருத்துநரே திருத்தினார். கேட்பவர் யார், எங்கிருந்து, எவ்வளவு நேரம் கேட்டார் என்பதை எவரும் பதிவுசெய்யவில்லை. யுத்தகாலத்தில் மின்சாரமற்ற ஊர்களிலும் மக்கள் செய்தி கேட்டமை அவ்வுருவத்தின் பயனாகும். இன்று அச்சேவையின் தமிழ் நிகழ்ச்சிகளைப் பெரும்பாலானோர் யூடியூப், முகநூல் வழியாகவே காண்கின்றனர். அங்கே கேட்பவரின் கேட்டலே பண்டமாகின்றது.

எனவே, பொதுச்சேவை ஒலிபரப்பை மதிப்பிடுவதற்கு நிகழ்ச்சிகளின் முற்போக்குத் தன்மையோடு வேறு மூன்று அளவுகோல்களையும் நாம் கைக்கொள்ளவேண்டும். எந்தத் தனிக் கம்பனியின் அனுமதியும் இன்றி நிகழ்ச்சியைப் பெற முடியுமா? எவரும் உரிமைக் கட்டணமின்றி வாங்கியோ மென்பொருளோ செய்ய முடியுமா? இருபது ஆண்டுகளின் பின்னர் ஓர் ஆய்வாளன் அக்கோப்பினைத் திறக்க முடியுமா? மூன்றாவது வினா பல்கலைக்கழகத்தவராகிய எம்மை நேரடியாகத் தொடுவது. ஓலைச்சுவடியை வாசிக்க எழுத்தறிவு போதுமானதாயிருந்தது. சுவடி செய்தவரின் சம்மதம் தேவைப்படவில்லை. திறந்த நியமம் தன்னளவிற் சமூக மாற்றத்தைக் கொண்டுவராது. அதன் வழியே பொய்யும் பிற்போக்கும் செல்லலாம். ஆனால் பொதுமக்களின் பணத்தில் உருவான பண்பாடு பொதுமக்களுக்குத் திறந்திருப்பதற்கு அது குறைந்தபட்ச நிபந்தனையாகும். அந்நிபந்தனையைக் கோரும் பொறுப்பைப் பொறியியலாளரிடம் மட்டும் விட்டுவிடாது, பண்பாட்டுத் திறனாய்வும் ஒலிபரப்புத் தொழிலாளரின் சங்கங்களும் இணைந்து ஏற்கவேண்டிய காலம் இதுவாகும்.